சில நொடிப் படங்களில் நெபுலா: வீட்டு மாடியிலிருந்தே எடுக்கலாம்

தொலைநோக்கி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டதும் நாம் இணையத்தில் தேடுவோம். செக்கச்சிவந்த நெபுலா படங்கள் வரும், கூடவே அவற்றை எடுத்த கருவிகளின் விலையும் வரும். பல லட்சம் வேண்டும் என்று அதோடு விட்டுவிடுகிறோம். இல்லையென்றால் "500 மடங்கு பெரிதாக்கும்" என்ற விளம்பரத்தை நம்பி, ஆடுகிற கால்கள் கொண்ட கருவியை வாங்கி, இரண்டே மாதத்தில் பரணில் ஏற்றிவிடுகிறோம். நெபுலாவைப் படம் பிடிக்க லட்சங்களும் வேண்டாம், 500 மடங்கும் வேண்டாம்.

நெபுலா என்பது விண்மீன்களுக்கிடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம். தொடங்குவதற்கு ஏற்றது ஒராயன் நெபுலா. ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தொலைவில் இருந்தும், டிசம்பர் முதல் மார்ச் வரை மாலை வானில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றுத் தள்ளி, மங்கலான திட்டாக வெறுங்கண்ணுக்கே தெரியும். இதே விண்மீன் கூட்டத்தின் ரைஜல், 'கால்' என்று பொருள்படும் 'ரிஜ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964 வாக்கில் எழுதிய நிலைத்த விண்மீன்கள் பற்றிய நூலில் ஆண்ட்ரோமெடாவைச் சிறு மேகம் என்று குறித்திருக்கிறார். ஆனால் ஒராயன் நெபுலாவை அவர் குறிப்பிடவில்லை என்பது வியப்புதான்.

இதை முதன்முதலில் படம் எடுத்தவர் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30 அன்று ஒரே தகட்டில் 51 நிமிடம் ஒளியை வாங்கினார். அவ்வளவு நேரம் தொலைநோக்கி விண்மீனை விட்டு இம்மியும் விலகக் கூடாது. செலவெல்லாம் அங்கேதான். பூமி சுழல்வதால் வானம் ஒரு நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. 400 மி.மீ. குவியத் தூரமுள்ள சிறு தொலைநோக்கியை அசையாமல் நிறுத்தினால், ஒரே நொடியில் விண்மீன் கேமராவில் பல பிக்சல் நீளக் கோடாகிவிடும்.

வானத்தோடு சேர்ந்து திரும்பும் சாதாரண மோட்டார் தாங்கி 51 நிமிடத்துக்குத் தாங்காது. ஆனால் 10 முதல் 20 நொடிக்குத் தாங்கும். எனவே 20 நொடிப் படங்கள் 100 எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழும். கேமராவின் இரைச்சல் புள்ளிகளோ படத்துக்குப் படம் மாறும். ஆகவே அடுக்கும்போது ஒளி 100 மடங்கு சேர்கிறது, இரைச்சல் 10 மடங்குதான் கூடுகிறது. காற்று அடித்தாலும், விமானம் குறுக்கே போனாலும், மாடியில் யாராவது நடந்தாலும் போவது ஒரு படம் மட்டுமே.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. தாங்கியை வடதுருவத்தை நோக்கிச் சரிசெய்ய வேண்டும் என்பார்கள். தமிழ்நாட்டில் துருவ விண்மீன் அடிவானிலிருந்து 8 முதல் 13 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். மேல் கீழ், இட வலமாக மட்டும் திரும்பும் எளிய தாங்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் படச்சட்டத்துக்குள் காட்சி மெல்லச் சுழலும், தலைக்கு மேலே வரும்போது அது அதிகமாகும். ஒராயனோ நமக்கு ஏறக்குறைய உச்சியிலேயே கடக்கிறது. ஆகவே அது கிழக்கிலோ மேற்கிலோ சரிந்து நிற்கும்போது எடுப்பது நல்லது. 10 நொடிக்குள் இந்தச் சுழற்சி பெரிதாகத் தெரியாது.

கருவியைப் பொறுத்தவரை 70, 80 மி.மீ. லென்ஸ் உள்ள தொலைநோக்கி, மோட்டார் தாங்கி, பழைய டிஎஸ்எல்ஆர் போதும். உறவினர் வீட்டில் கேமரா இருந்தால் தொலைநோக்கி வாங்குமுன் அதன் 50 மி.மீ. லென்ஸை ட்ரைபாடில் வைத்து 5 நொடிப் படங்கள் 50 எடுத்துப் பாருங்கள் என்பதே நம் ஆலோசனை. பிள்ளைக்கு உண்மையில் ஆர்வம் இருக்கிறதா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும். குதிரைத்தலை, ரோசெட் போன்ற மங்கலான நெபுலாக்களை இப்போது எதிர்பார்க்க வேண்டாம். அவற்றின் செந்நிற ஒளியில் பெரும்பகுதியைச் சாதாரண கேமராவின் உள்வடிகட்டி தடுத்துவிடும்.

நேரம் பார்க்க நம் வீட்டு நாட்காட்டியே உதவும். சூரியன் அடிவானுக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் வானம் முழுதாக இருளும். பல தொழுகை அட்டவணைகளில் இஷாவின் தொடக்கமும் 17 அல்லது 18 பாகைதான். நிலவில்லாத மாலைகள் பிறை 20-க்குப் பின் தொடங்கி அடுத்த மாதப் பிறை 3, 4 வரை கிடைக்கும்.

படங்களை ரா வடிவில் எடுங்கள். பளிச்சென்ற ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். முடிவில் மூடியைப் போட்டு, அதே நொடி அளவில் 20 கறுப்புப் படங்களும் எடுங்கள். கேமராவின் நிலையான புள்ளிகளைக் கழிக்க அவை தேவை. அடுக்குவதற்கு டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் ஆகிய இலவச மென்பொருள்கள் உள்ளன. அடுக்கிய படம் முதலில் கன்னங்கரேலென்றுதான் இருக்கும். பிள்ளைகள் முகம் வாடிவிடும். வெளிச்ச அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் இளஞ்சிவப்புச் சிறகுகள் விரியும். நடுப்பகுதி வெளுத்துவிட்டால் 2 நொடிப் படங்கள் தனியாக 30 எடுத்து, அந்த இடத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.