கடைசி எழுத்து மட்டும் மாறும் பாஸ்வேர்டு

‘உங்கள் பாஸ்வேர்டு இன்னும் 5 நாளில் காலாவதியாகும்.’ அலுவலகக் கம்ப்யூட்டரில் இந்த அறிவிப்பைப் பார்த்ததும் பலர் செய்வது ஒன்றுதான்: கடைசியில் இருக்கும் 3-ஐ 4 ஆக்குவார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுசாக ஒன்றை யோசித்து, அதை மனப்பாடமும் செய் என்றால் யாரானாலும் அதைத்தான் செய்வார்கள். கோளாறு ஆளிடம் இல்லை, விதியில் இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. அங்கே 7,700-க்கும் அதிகமான பழைய கணக்குகளை ஆராய்ந்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியானது. முந்தைய பாஸ்வேர்டு கையில் இருந்தால், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்தே முயற்சிக்குள் ஊகித்துவிட முடிந்தது. பூட்டை மாற்றியும் பழைய சாவி திறக்கிறது!

அவ்வப்போது மாற்றச் சொல்லும் இந்தப் பழக்கத்தைப் பரப்பியதில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004-ல் வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், தான் சொன்னவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017-ல் ஒப்புக்கொண்டார். நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், திருடு போனதற்கு அறிகுறி தெரிந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள் என்று நிஸ்டும் அதே ஆண்டு நிலையை மாற்றிக்கொண்டது. 2019-ல் மைக்ரோசாஃப்டும் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது.

திருடு போனதே தெரியாவிட்டால் என்ன செய்வது? நியாயமான கேள்விதான். ஆனால் திருடியவன் 90 நாள் கைகட்டிக் காத்திருப்பானா? பாஸ்வேர்டு கிடைத்த அன்றே நுழைந்து, மறுபடி வருவதற்கு வேறொரு வழியும் போட்டுவைப்பான். அவனைத் தடுப்பது காலண்டர் அல்ல. செல்போனில் வரும் இரண்டாவது சரிபார்ப்பு. வேலையை விட்டுப் போனவருக்குப் பொதுப் பாஸ்வேர்டு தெரிந்திருக்குமே என்பார்கள். அதை அவர் போன அன்றே மாற்ற வேண்டும். மூன்று மாதம் கழித்து மாற்றி என்ன பயன்?

ஆனாலும் பல அலுவலகங்களில் பழைய விதிதான் ஓடுகிறது. அங்கே இருப்பவர்கள், தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் பாஸ்வேர்டு மேனேஜர் தந்திருந்தால், யோசிக்கும் வேலையை அதனிடமே விட்டுவிடலாம். கிழமை பார்ப்பதில் நம்பிக்கை இல்லாதவர்களும் இதற்குப் பார்க்கலாம்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்றாதீர்கள், திங்களன்று மறந்துபோகும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் விபிஎன் இணைப்பில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் புதியதைக் கேட்கும், லேப்டாப் பழையதையே கேட்டுக்கொண்டிருக்கும். முக்கியமாக, அலுவலக மெயில் செல்போனிலும் இருந்தால் அங்கேயும் உடனே மாற்றுங்கள். சட்டைப்பையில் இருக்கும் போன் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அனுப்ப, ஒன்றும் செய்யாமலே கணக்கு லாக் ஆகிவிடும். ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிட்டால் அவர்கள் முதலில் கேட்பதே, “சார், போன்ல மாத்திட்டீங்களா?” என்பதுதான்.