இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே

முதல் வகை நீரிழிவு இனிப்புத் தின்றதால் வருவதல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. மாத்திரைக்கு அது கட்டுப்படாது. இந்நோய் வந்த பிள்ளைக்கு ஆயுள் முழுக்க இன்சுலின் வேண்டும். ஒவ்வொரு வேளையும் எவ்வளவு என்பது தின்ற சோற்றையும் ஓடிய ஓட்டத்தையும் காய்ச்சலையும் பொறுத்து மாறும். சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாவில் கடை கடையாகச் சுற்றிய நாளின் கணக்கு மறுநாளுக்கு உதவாது.

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கும் அப்பால். போய்வந்தால் பிள்ளைக்குப் பள்ளி போகும், விசைத்தறியில் நிற்கும் தகப்பனுக்குக் கூலி போகும். நோயின் பாடோ இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே, வீட்டில்தான். இணையம் கைகொடுப்பதும் அங்கேதான்.

விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை அளவுகளை நோட்டில் எழுதி, மருத்துவர் இசைந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஊசி அளவைத் திருத்த அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டியதில்லை. தோலில் ஒட்டும் உணரி சில நிமிடங்களுக்கு ஒருமுறை கைப்பேசிக்கே அளவைச் சொல்லிவிடும். அந்த எண்களைத் தொலைவிலிருந்து பார்க்க, 2013-ல் அமெரிக்காவில் ஒரு தகப்பன் தொடங்கிப் பிற பெற்றோர் வளர்த்த மென்பொருள்தான் நைட்ஸ்கவுட். அது இலவசம். உணரி இலவசமல்ல, அடிக்கடி மாற்றவும் வேண்டும். கூலிக் குடும்பத்துக்கு நோட்டும் படமும்தான் கட்டுபடியாகும்.

மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவையில் 2020 முதல் வீட்டிலிருந்தே மருத்துவரைக் கேட்கலாம். அதே ஆண்டு வந்த தொலைமருத்துவ நெறிமுறைப்படி, சிறுவர் என்றால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்றால் திரையை நம்பக் கூடாது; நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தவறிய பாடங்களுக்குத் தமிழக அரசின் மணற்கேணி செயலியில் காணொளிகள் உள்ளன. தனிமைக்கு மருந்து வேறு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் முன்னின்று 1995-ல் தொடங்கிய ஸ்டார்பிரைட் வேர்ல்ட், அமெரிக்க மருத்துவமனைகளில் கிடந்த பிள்ளைகளை ஒருவரோடொருவர் பேசவைத்தது. இன்று அதற்கு ஒரு வீடியோ அழைப்பு போதும். தன்னைப் போலவே ஊசி போட்டுக்கொள்ளும் இன்னொரு பிள்ளையைப் பார்த்துவிட்டால் பள்ளியில் ஊசியை ஒளிக்கத் தோன்றாது.

இதே திரையில்தான் இன்சுலினை நிறுத்தச் சொல்லும் காணொளிகளும் வருகின்றன. அவற்றைக் கேட்டு நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் அது காலையிலேயே தகப்பனோடு தறிக்கூடத்துக்குப் போய்விடும். பகலில் பார்த்த அளவுகள் இரவில்தான் மருத்துவருக்குப் போய்ச்சேரும்.