மூங்கில் பூத்த மலைகள்: அன்றும் இன்றும்

1958 அக்டோபரில் மிசோ மாவட்ட மன்றம் அசாம் அரசிடம் 15 லட்சம் ரூபாய் கேட்டது. மூங்கில் பூக்கப்போகிறது, பின்னாலேயே பஞ்சம் வரும், இப்போதே ஏற்பாடு செய்யுங்கள் என்றது. அன்றைய அசாம் தலைநகர் ஷில்லாங்கில் இருந்தவர்கள் மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள்.

நம்மூர் மலைகளில் மூங்கில் பூத்தால் மூங்கிலரிசி கிடைக்கும். மிசோ மலைகளில் பரவியிருப்பது வேறு இனம். சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைமலையாகப் பூத்து, பேரிக்காய் போலக் காய்த்து, மொத்தமாகப் பட்டுப்போகும். காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் வயலில் இறங்கும். மிசோக்கள் இதை மௌதாம் என்பார்கள். 1959இல் அது சொன்னபடியே வந்தது.

அரசு அசைவதற்குள் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனது இளைஞர்களின் ஓர் அமைப்பு. பெயர், மிசோ தேசியப் பஞ்ச முன்னணி. தலைவர் லால்டெங்கா, முன்னாள் ராணுவ ஹவில்தார். 1960இல் அசாமியை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வேறு வந்து சேர்ந்தது. 1961இல் அமைப்பின் பெயரிலிருந்து ‘பஞ்சம்’ உதிர்ந்து, கோரிக்கை தனிநாடாகியது.

1966 பிப்ரவரி 28 இரவு ஐசாலிலும் லுங்லேயிலும் அரசு நிலைகள் தாக்கப்பட்டன. மறுநாள் சுதந்திரப் பிரகடனம். மார்ச் 5 அன்று இந்திய விமானப்படை ஐசால் மீது குண்டு வீசியது. சொந்த நாட்டு ஊர் ஒன்றின்மீது குண்டு வீச டெல்லி துணிந்தது அப்போதுதான். அடுத்த ஆண்டு தொடங்கி, கிராமங்களைக் காலிசெய்து மக்களைச் சாலையோர முகாம்களில் குவித்தார்கள்; மலேயாவில் ஆங்கிலேயர் செய்து பார்த்த வித்தை அது. 764 கிராமங்களில் 516 இப்படிக் காலியாயின. விட்டுவந்த வீடுகளையும் களஞ்சியங்களையும் எரித்தார்கள். காட்டு வேளாண்மை படுத்துவிட, தானியம் விளைவித்தவர்கள் ரேஷனுக்குக் கையேந்தினார்கள். பசியில் பிறந்த கிளர்ச்சியை அடக்க, மக்களை இன்னொரு பசிக்குள் தள்ளியதற்கு என்ன பெயர் வைப்பது?

படைபலத்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வதும் பொய். 1971 போரில் கிழக்கு பாகிஸ்தான் போனதோடு முன்னணியின் புகலிடமும் போயிற்று. அரக்கான் காடுகளுக்கு ஓட நேர்ந்தது. வெல்ல முடியாது என்பது லால்டெங்காவுக்குப் புரிந்தது. ஆனால் சண்டை நிற்கவில்லை. 1975 ஜனவரியில் ஐசாலில், காவல்துறை அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து மூன்று உயரதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1976இல் கையெழுத்தான உடன்பாடு நிலைக்கவில்லை. 1984இல் பேச வந்த லால்டெங்கா இந்திரா காந்தியைச் சந்திக்க வேண்டிய அன்றே, அக்டோபர் 31, இந்திரா கொல்லப்பட்டார். திருச்சபைகள்தாம் இரு தரப்பையும் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தன.

1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகியது. மாநில அந்தஸ்து கிடைத்தது. நிலம், வழக்கச் சட்டம், சமய நடைமுறை ஆகியவற்றில் மாநிலச் சட்டமன்றம் ஒப்பாமல் நாடாளுமன்றச் சட்டம் அங்கே செல்லாது என்று அரசியலமைப்பில் 371ஜி பிரிவும் சேர்ந்தது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. காங்கிரஸ் முதல்வர் லால் தன்ஹாவ்லா பதவியை விட்டு இறங்கி, நேற்றுவரை தலைமறைவு இயக்கம் நடத்தியவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, தாம் துணை முதல்வரானார். வேறெந்த மாநிலத்தில் இது நடக்கும்?

அடுத்த மௌதாம் 2006 வாக்கில் வந்தது. இம்முறை முதல்வர், லால்டெங்காவோடு காட்டில் இருந்த ஜோரம்தங்கா. மூடநம்பிக்கை என்று சொல்ல ஆளில்லை. 2004இலேயே அரசு பஞ்சத் தடுப்புத் திட்டம் போட்டது. எலிவால் ஒன்றுக்கு 2 ரூபாய் கொடுத்தது. எலிகள் இதற்கெல்லாம் அசரவில்லை, நெல் போயிற்று. நிவாரணப் பணத்தில் முறைகேடு என்ற புகாரும் கிளம்பியது. கோபம் 1959க்குக் குறைந்ததல்ல. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் வாக்குச்சாவடி. 2008 டிசம்பர் தேர்தலில் 40 இடங்களில் முன்னணிக்குக் கிடைத்தவை 3, காங்கிரசுக்கு 32. ஜோரம்தங்கா மறுபடியும் காட்டுக்குப் போகவில்லை. பத்தாண்டு காத்திருந்து 2018இல் மீண்டும் முதல்வரானார். 2023இல் தோற்று, லால்துஹோமாவிடம் பதவியை விட்டுப் போனார்.

இருபது ஆண்டு ராணுவம் தளரவைத்த இயக்கத்தை முடித்துவைத்தது அந்த நாற்காலிதான் என்பது என் கட்சி. அதற்காக மிசோரத்தை அமைதிக்கு மாதிரி என்று காட்டிப் புகழ்பவர்களோடு சேரவும் மனம் வரவில்லை. அங்கே சிறுபான்மையாக வாழும் புரூ மக்கள் 1990களில் தங்களுக்கென்று ஒரு தன்னாட்சி மன்றம் கேட்டபோது, ஐசாலுக்கு அது கசந்தது. மோதல் மூண்டு 1997இல் 30,000க்கும் மேற்பட்டோர் திரிபுராவுக்கு ஓடினார்கள். இருபது ஆண்டுக்கு மேல் முகாம்களில் கிடந்தார்கள். 2020 ஜனவரியில் டெல்லியில் போட்ட ஒப்பந்தப்படி, அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்தினார்கள்.