கார்லா - ரொம்ப லேட்டான ஒரு விமர்சனம்

போன சனிக்கிழமை வெளியில மைனஸ் 19. கால்வாய்ப் பக்கம் நடக்கப் போனா காது கழண்டு கையில வந்துடும். சரின்னு ரூம்மேட் ஒரு படம் போட்டான். கியூபெக்காரன். போடும்போதே, "இவ நம்ம சென்ட்-ஆன் ஜெயில்ல தான் இருந்தா, தெரியுமா?"ன்னு ஒரு குண்டையும் போட்டான். அடப்பாவி, இத்தனை நாள் தனியா ராத்திரி லேப்ல இருந்து நடந்து வந்திருக்கேனே!

அப்புறம் தேடிப் பார்த்தா அது வேற சென்ட்-ஆன். மாண்ட்ரியலுக்கு வடக்கே இருக்கிற சென்ட்-ஆன்-டே-ப்ளென். கார்லா ஹொமோல்கா 2005 ஜூலை 4 அன்று வெளியே வந்தது அங்கிருந்துதான். நம்ம சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ தீவோட மேற்கு மூலை. நம்மூர்ல எத்தனை புதூர் இருக்கு, அந்த மாதிரி.

மேட்டருக்கு வருவோம். கார்லா, 2006ல் வந்த அமெரிக்கப் படம். இயக்கம் ஜோயல் பெண்டர். கார்லாவா லாரா ப்ரெப்பன், புருஷன் பால் பெர்னார்டோவா மிஷா காலின்ஸ். 2005ல் மாண்ட்ரியல் உலகத் திரைப்பட விழாவில் முதல் காட்சி போடுறதா இருந்து, விளம்பரதாரர் எதிர்ப்பு வந்ததால நிறுத்திட்டாங்க.

சிறையில ஒரு மனநல மருத்துவர் கேட்கக் கேட்க, கார்லா தன் கதையைச் சொல்றா. பார்த்தவுடனே காதல், அப்புறம் அடி, அப்புறம் பயம், அப்புறம் கொலைகள். மிஷா காலின்ஸ் சிரிக்கிறப்போ நிஜமாவே வயித்தைக் கலக்குது. லாரா ப்ரெப்பனும் குறை வைக்கல. ஆனா படம் முக்கால்வாசி அந்த வீட்டுக்குள்ளயே, அந்த ரெண்டு பேர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்கு. செத்துப் போன மூணு பொண்ணுங்களுக்கு வயசு 15, 14, 15. முதல் பொண்ணு கார்லாவோட சொந்தத் தங்கச்சி. படத்துல அவங்க வர்றாங்க, அழுறாங்க, சாகுறாங்க. அவ்வளவுதான்.

படம் முடிஞ்சதும் தூக்கம் வரல. உட்கார்ந்து வழக்கைப் படிச்சேன். படத்தை விட அதுதாங்க திகில்.

பெர்னார்டோ அதுக்கு முன்னாடியே டொரண்டோ ஸ்கார்பரோவில் பெண்களைத் தொடர்ந்து வன்புணர்ந்தவன். 1990 நவம்பரில் போலீஸ் கூப்பிட்டு விசாரிச்சு, ரத்தம், எச்சில், முடி எல்லாம் சாம்பிள் எடுத்தாங்க. அவனே கொடுத்துட்டு வீட்டுக்குப் போனான். ரிசல்ட் எப்போ வந்துச்சு? 1993 பிப்ரவரி. ரெண்டு வருஷத்துக்கு மேல. மூணு பொண்ணுங்களும் செத்தது அந்த இடைவெளியில: 1990 டிசம்பர், 1991 ஜூன், 1992 ஏப்ரல். நானும் தினம் சாம்பிளுக்கு நம்பர் ஒட்டி ஃப்ரீசர்ல வைக்கிற ஆளு. அன்னிக்கு டிஎன்ஏ சோதனை மெதுவுதான், ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு வருஷமெல்லாம் ஆகிற வேலை இல்லை. நீதிபதி கேம்ப்பெல் 1996ல் கொடுத்த அறிக்கை இதையெல்லாம் புட்டுப் புட்டு வச்சிருக்கு.

இன்னொண்ணு, அந்த ஒப்பந்தம். அடிபட்ட மனைவின்னு சொல்லி, புருஷனுக்கு எதிரா சாட்சி சொல்றேன்னு ஒத்துக்கிட்டதால 1993ல் கார்லாவுக்கு வெறும் 12 வருஷம். அவங்க செஞ்சதை எல்லாம் அவங்களே எடுத்த வீடியோ டேப்புகள் பாத்ரூம் கூரை விளக்குக்கு மேல இருந்துச்சு. போலீஸ் பல வாரம் தேடியும் கிடைக்கல. பெர்னார்டோவோட வக்கீல் போய் எடுத்து, ஒரு வருஷத்துக்கு மேல தன்கிட்டயே வச்சிருந்தார். 1994 செப்டம்பர்ல டேப் போலீஸ் கைக்கு வந்தப்போதான் கார்லாவோட பங்கு எவ்வளவுன்னு தெரிஞ்சுது. கையெழுத்துப் போட்டது போட்டதுதான். இந்தப் படம் எடுக்கிறவங்களுக்கு அந்த ஃப்ரீசரும் அந்தக் கூரை விளக்கும் போதாதா? எதுக்கு அவ வாயால அவ கதை?

நான் ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகுறேன்னு கேட்கலாம். டொரண்டோவில் 2010ல் இருந்து 2017 வரை 8 ஆண்களைக் கொன்ன புரூஸ் மெக்கார்தர் வழக்கு இருக்கு. செத்தவங்கள்ல ரெண்டு பேர் ஈழத்தமிழர்கள். அதுல ஒருத்தர் 2010ல் சன் சீ கப்பல்ல 492 பேரோட கனடா வந்து இறங்கினவர். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். அவர் காணாமப் போனதா போலீஸ்ல ஒரு புகார் கூட பதிவாகல. நாடு கடத்திடுவாங்கன்னு ஒளிஞ்சிருக்கார்னு வீட்ல நினைச்சிருந்தாங்களாம். மெக்கார்தரை 2016ல் கழுத்தை நெரிச்சதா வந்த ஒரு புகார்ல பிடிச்சு, விசாரிச்சு, விட்டுட்டாங்க. அதுக்கப்புறமும் ரெண்டு பேர்.

இதையும் என்னிக்காவது படமா எடுப்பாங்க. ஒரு நல்ல நடிகர் தாடி வச்சுக்கிட்டு மெக்கார்தரா வருவார். விருது கூட வாங்கலாம். எடுக்கிறவங்க யாராச்சும் இதைப் படிச்சா, தயவு செஞ்சு முதல் சீனைக் கப்பல்ல இருந்து ஆரம்பிங்க சாமி.

கார்லா பார்க்கலாமான்னா, மிஷா காலின்ஸுக்காக ஒரு தடவை. ராத்திரி வேணாம். ரூம்மேட் அடுத்த வாரத்துக்கு இன்னொரு படம் எடுத்து வச்சிருக்கான். காமெடியாம். நம்பல :-)