படியில் விழுந்த காயமா?



சம்பள நாளுக்கு மறுநாள் காலையில் தோட்ட மருந்தகத்துக்கு வரும் பெண்களில் ஓரிருவருக்குக் கண் வீங்கியிருக்கும். கேட்டால், "படியில வழுக்கி விழுந்துட்டேங்கய்யா" என்பார்கள். படியில் விழுந்தால் முழங்கையும் முழங்காலும் சிராய்க்கும். புஜத்தில் ஐந்து விரல் பதியுமா? நானும் முன்பெல்லாம் மருந்து போட்டு அனுப்பிவிடுவேன். அது தப்பு.

முதலில் உடம்பைப் பாருங்கள். கழுத்தை நெரித்திருந்தால், வெளியே தழும்பு இல்லாவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குரல் கம்முவதும், எச்சில் விழுங்க வலிப்பதும் ஆபத்தான அறிகுறிகள். உள்ளே வீங்கி, சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சு அடைக்கலாம். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தாலும், கர்ப்பிணிக்கு வயிற்றில் அடி விழுந்தாலும் தாமதிக்கக் கூடாது.

அங்கே அவசரப் பிரிவில் உண்மையைச் சொல்லுங்கள். டாக்டர் எழுதி வைக்கும் காயக் குறிப்பு பின்னால் வழக்குக்குச் சாட்சியாக நிற்கும்.

"புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் போலீஸ் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1996 முதல் நடப்பில் இருக்கும் குடும்ப வன்முறைச் சட்டம் பதில் சொல்கிறது. புகார் கொடுக்க உதவுவது, ஆஸ்பத்திரிக்கோ காப்பகத்துக்கோ போக வண்டி ஏற்பாடு செய்வது, துணிமணி எடுக்க வீடுவரை துணைக்கு வருவது எல்லாம் போலீசுக்கும் சமூகநல அதிகாரிக்கும் உள்ள கடமை. அதைக் கேட்பது உங்கள் உரிமை.

போலீசுக்குப் போகப் பயமா? 2018 முதல் போலீஸ் புகார் இல்லாமலே சமூகநல இலாகாவில் அவசரப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அடித்தாலும் கேட்கலாம், அடிப்பேன் என்று மிரட்டினாலும் கேட்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஏழு நாள் செல்லும். 15999 என்ற எண்ணுக்கு இராப்பகல் எந்நேரமும் போன் செய்யலாம். புகார் கொடுத்தால், விசாரணை முடியும்வரை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு பெறலாம்.

"வீடு அவர் பேரில் இருக்கு, எங்கே போவேன்?" என்பதுதான் பலருடைய கவலை. வழக்கு கோர்ட்டுக்கு வந்தபின், வீடு யார் பேரில் இருந்தாலும் அடித்தவரை வெளியே இருக்கச் சொல்லி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர்களே, சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்காதீர்கள். நீங்களும் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சட்டப்படி குற்றமில்லை.

அம்மா, அடுத்த முறை மருந்தகத்துக்கு வந்தால் நடந்ததைச் சொல்லுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் எழுதித் தருகிறேன்.