சுட்ட பாட்டா, இன்ஸ்பிரேஷனா? செப்பலின் முதல் தாராவி ராப் வரை

மாட்டுங்காவில் நண்பர்களோடு ஃபில்டர் காபி குடிக்கும்போது யாராவது கிளப்பிவிடுவார்கள்: "லெட் செப்பலின் பாட்டெல்லாம் சுட்டதுதான்பா!" உண்மையா?

பாதி உண்மை. 1969-ல் வந்த 'ஹோல் லாட்டா லவ்' பாடலின் வரிகள் தன்னுடையவை என்று ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் 1985-ல் வழக்குப் போட்டார். சமரசத்தில் முடிந்தது. இன்று பாடலாசிரியர் பட்டியலில் அவர் பெயரும் உண்டு.

அப்போ 'ஸ்டெயர்வே டு ஹெவன்'?

அதன் தொடக்க கிட்டார் இசை, ஸ்பிரிட் குழுவின் 'டாரஸ்' மாதிரியே இருக்கிறது என்று 2014-ல் வழக்கு வந்தது. படிப்படியாக இறங்கும் அந்தச் சுர வரிசை காலங்காலமாகப் புழங்குவது என்றது செப்பலின் தரப்பு. 2016-ல் ஜூரி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; 2020-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால், கல்யாணி ராகத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதில் நீங்கள் போட்ட மெட்டு உங்களுடையது.

தெரியாமல் செய்தால்?

அதுவும் தப்பிக்க உதவாது. 'மை ஸ்வீட் லார்ட்' வழக்கில் ஜார்ஜ் ஹாரிசன் வேண்டுமென்றே திருடவில்லை, பழைய பாடல் ஆழ்மனதில் தங்கியிருந்தது என்றார் நீதிபதி. ஆனாலும் 1976-ல் அவருக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது.

மும்பைக்கு என்ன சம்பந்தம்?

இதே ஹாரிசன் 1968 ஜனவரியில் பம்பாய் வந்து, இந்தியக் கலைஞர்களை வைத்து 'தி இன்னர் லைட்' பாடலின் இசையைப் பதிவு செய்தார். 1972-ல் செப்பலினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளாண்டும் பம்பாய்க் கலைஞர்களோடு தங்கள் இரண்டு பாடல்களை மறுபடி வாசித்துப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகள் அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2015-ல்தான்.

எதிர்த்திசையிலும் இசை பயணித்தது. நியூயார்க்கில் பிறந்த ஹிப்-ஹாப்பைத் தாராவிப் பையன்கள் தங்கள் பேச்சில், தங்கள் தெருக்கதையோடு பாடினார்கள். அவர்களில் 'டோப்அடெலிக்ஸ்' குழு 2018-ல் 'காலா' படத்திலும் ஒலித்தது. வடிவம் பொது, வார்த்தை சொந்தம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது?

செம்பூர் வீட்டு லேப்டாப்பில் பீட் போடுகிறீர்களா? பாணியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய பாட்டின் ஒரு துண்டை வெட்டி ஒட்டினால் அனுமதி வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. மெட்டுக்கும் வரிக்கும் தனித்தனி உரிமை. 'கிரெடிட் போட்டுட்டேனே' என்பது மரியாதை மட்டும்தான், அனுமதி ஆகாது. நாளைக்கு உங்கள் பீட்டை வேறொருவர் எடுத்தால், உங்களைக் காப்பாற்றப்போவதும் இதே சட்டம்தான்.