பூட்டி வைக்கவா? ஆடிப் பார்க்கவா?

அமெரிக்காவில் ஒரு சிறுவன் இருந்தான். கிறிஸ்துமஸ் பண்டிகை வந்தது. தாத்தாவும் பாட்டியும் அவனுக்கு ஒரு வீடியோ விளையாட்டு வாங்கிக் கொடுத்தார்கள். "காஸ்மிக் அவெஞ்சர்" என்பது அதன் பெயர்.

ஆனால், அவனால் ஆட முடியவில்லை! ஏன் தெரியுமா? அந்த விளையாட்டைச் செருகி ஆடுவதற்கு, "கோலிகோவிஷன்" என்ற கருவி வேண்டும். அது அவன் வீட்டில் இல்லை.

மாவு இருக்கிறது, அடுப்பு இல்லை என்ற கதைதான்!

சிறுவன் சும்மா இருக்கவில்லை. வீட்டு வாசல்களில் குவிந்த பனியை அள்ளிப் போட்டான். புல் வெட்டினான். மாதக்கணக்கில் உழைத்துக் காசு சேர்த்தான். கருவியை வாங்கி விட்டான்!

அந்தச் சிறுவனின் பெயர், மைக்கேல் தாமசன். பிற்காலத்தில் அவர் "கின்னஸ்" சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்றார். உலகிலேயே அதிகமாக வீடியோ விளையாட்டுகளைச் சேர்த்தவர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. மொத்தம் 10,607 விளையாட்டுகள்! (அந்தச் சாதனையைப் பின்னால் வேறொருவர் முறியடித்தார்.)

இரண்டு முறை விற்றார்

இதில் வேடிக்கை என்னவென்றால், தாமசன் தம்முடைய சேகரிப்பை அதற்கு முன்பே இரண்டு முறை விற்றவர்!

1989-ம் ஆண்டில் "சேகா" கம்பெனியின் புதுக் கருவி வந்தது. அதை வாங்கப் பணம் இல்லை. இருந்ததை எல்லாம் விற்றார். மறுபடியும் சேர்த்தார். 1998-ல் கல்யாணம் வந்தது. கல்யாணச் செலவுக்காக மீண்டும் விற்றார். பிறகு மூன்றாம் தடவையாக, முதலில் இருந்து தொடங்கினார்.

2014 ஜூன் மாதத்தில் அதுவும் ஏலத்துக்கு வந்தது. குடும்பப் பொறுப்புகளே காரணம் என்று சொன்னார். ஏலம் 7,50,250 டாலர் வரை ஏறியது. அன்றைய கணக்கில் சுமார் நாலரைக் கோடி ரூபாய்!

குழந்தைகள் ஆடும் விளையாட்டுக்கு இவ்வளவு விலையா? இவ்வளவு ஆசையா?

சோப்புப் பெட்டிக்குள் ஓர் உலகம்

இன்றைக்குப் பிள்ளைகள் செல்போனில் ஆடுகிறார்கள். 1980-களில் அப்படி இல்லை. ஒவ்வொரு விளையாட்டும் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. இதற்குக் "காட்ரிட்ஜ்" என்று பெயர். அதைக் கருவியில் செருக வேண்டும். கருவியை டெலிவிஷனோடு இணைக்க வேண்டும்.

ஜப்பானில் "நின்டெண்டோ" கம்பெனி 1983 ஜூலை 15-ந் தேதி "பேமிகாம்" என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதுவும், அதன் வெளிநாட்டு வடிவமும் சேர்ந்து, உலகம் முழுவதும் 6 கோடிக்கு மேல் விற்றன.

அப்போது அதில் ஆடிய பையன்களுக்கு இப்போது வயது 50. இழந்த பொம்மையைத் தேடுகிற மாதிரி அவர்கள் தேடுகிறார்கள். சந்தைகளில் தேடுகிறார்கள். வீட்டைக் காலி செய்கிறவர்கள் வாசலில் பரப்பி வைத்திருக்கும் பழைய சாமான்களுக்குள் தேடுகிறார்கள்.

வாங்குவதற்கும் சாமர்த்தியம் வேண்டும். போலிகள் ஏராளம்! விவரம் தெரிந்தவர், மேலே ஒட்டிய படத்தைப் பார்த்து ஏமாறமாட்டார். பெட்டியைத் திறந்து உள்ளே பார்ப்பார். நின்டெண்டோ பெட்டியின் திருகாணி சாதாரணத் திருப்புளிக்கு மசியாது. அதற்குத் தனித் திருப்புளி உண்டு. அது சட்டைப் பையில் இருந்தால், ஆசாமி பழகியவர் என்று அர்த்தம்!

விளையாட்டு ஓடாவிட்டால், அந்தக் காலத்துப் பிள்ளைகள் பெட்டியை வாயால் ஊதுவார்கள். உலகம் முழுவதும் இந்த வழக்கம் இருந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ! ஆனால் எச்சிலின் ஈரம் பட்டு, உள்ளே இருக்கும் உலோகத் தகடு அரித்துப் போகும். ஊதக் கூடாது என்று கம்பெனியே எச்சரித்தது. இப்போது பஞ்சில் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைக்கிறார்கள்.

11 கோடி ரூபாய் பெட்டி

"சூப்பர் மரியோ 64" என்ற விளையாட்டு, 1996-ல் வந்தது. 1 கோடிக்கும் அதிகமாக விற்ற விளையாட்டு. அபூர்வமான பொருள் என்று சொல்ல முடியாது.

ஆனால் அதில் ஒரே ஒரு பெட்டி, 2021 ஜூலை 11-ந் தேதி அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. போன விலை, 15 லட்சத்து 60 ஆயிரம் டாலர்! 11 கோடி ரூபாய்க்கும் மேல்!

காரணம் என்ன? அந்தப் பெட்டி பிரிக்கப்படவே இல்லை. கடையில் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு மார்க்குப் போடவே கம்பெனிகள் இருக்கின்றன. இந்தப் பெட்டிக்கு 10-க்கு 9.8 மார்க்கு. மேலுறைக்குத் தனி மார்க்கு. மார்க்குப் போட்டதும், கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடி விடுகிறார்கள்.

அட்டைக்கு மார்க்கு உண்டு. உறைக்கு மார்க்கு உண்டு. உள்ளே இருக்கும் ஆட்டத்துக்கு மார்க்குக் கிடையாது! அது ஓடுமா, ஓடாதா? யாருக்கும் தெரியாது. பிரித்துப் பார்த்தால் 11 கோடி போய் விடும்.

பிரிக்காத "சூப்பர் மரியோ பிரதர்ஸ்" பெட்டி ஒன்று, 2019 பிப்ரவரியில் 1 லட்சத்து 150 டாலருக்கு விற்றது. வேறொரு பெட்டி 2021 ஏப்ரலில் 6 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது! வாங்கியவர்களில் எத்தனை பேர் மரியோவைக் குதிக்க வைத்திருப்பார்கள்?

பூதம் காத்த புதையல் என்று ஆடிப் பார்க்கும் கட்சியினர் கேலி செய்கிறார்கள்.

ஆனால் பூட்டி வைப்பவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பிரித்த பெட்டி ஆயிரம் உண்டு. 1996-ல் கடையில் அடுக்கியிருந்தபோது எப்படி இருந்தது என்பதைக் காட்ட, பிரிக்காத பெட்டி ஒன்றாவது வேண்டாமா?

குப்பையில் கிடைத்தது

விலை ஏறுவதற்கு வேறு விசித்திரக் காரணங்களும் உண்டு.

"இ.டி." சினிமாவை ஒட்டி, "அடாரி" கம்பெனி 1982-ல் ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதைத் தயாரிக்கக் கொடுத்த அவகாசம் சுமார் 5 வாரந்தான்! ஆடியவர்கள் திட்டினார்கள். சரக்கு தேங்கியது. 1983 செப்டம்பரில், விற்காத பல விளையாட்டுகளோடு அதையும் லாரிகளில் ஏற்றி, நியூமெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பை மேட்டில் கொட்டிப் புதைத்தார்கள்.

இது கட்டுக்கதை என்றே பலர் நினைத்தார்கள். 2014 ஏப்ரல் 26-ந் தேதி தோண்டினார்கள். கிடைத்து விட்டது! சுமார் 1,300 பெட்டிகளை வெளியே எடுத்தார்கள். பெரும் பகுதியை நகரசபை ஏலம் போட்டது. 1 லட்சத்து 7 ஆயிரம் டாலருக்கு மேல் வசூல்! ஒரு பெட்டி ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்குப் போயிற்று.

அதே விளையாட்டின் நல்ல பிரதி, சில டாலருக்குக் கிடைக்கும். குப்பை நாற்றம் அடித்த பிரதிக்குத்தான் கிராக்கி!

அண்ணன் பெயர்

"செல்டா" என்ற விளையாட்டு 1987-ல் அமெரிக்காவுக்கு வந்தது. பெட்டி தங்க நிறம். உள்ளே ஒரு சின்ன மின்கலம் இருக்கும். பட்டன் போல வட்டமாக இருக்கும். பாதியில் நிறுத்திய ஆட்டத்தை ஞாபகம் வைத்திருப்பது அதன் வேலை. ஆடியவர் தம் பெயரையும் அதில் பதியலாம்.

பழைய பெட்டியை வாங்கி வந்து செருகினால், சில சமயம் முன்பின் தெரியாத ஒரு பையனின் பெயர் திரையில் வரும். 30 ஆண்டுக்கு முன்னால் அவன் விட்ட இடத்தில் ஆட்டம் நிற்கும். சொந்த வீட்டுப் பரணில் எடுத்த பெட்டியாக இருந்தால், அது அண்ணன் பெயராக இருக்கலாம். அந்த அண்ணன் இன்று உயிரோடு இல்லாமலும் இருக்கலாம்.

மின்கலம் தீர்ந்தால் அந்தப் பெயர் அழிந்து விடும். "போக்கிமான்" தங்கம், வெள்ளி ஆட்டங்களில் உள்ளே கடிகாரமும் ஓடுவதால் இன்னும் சீக்கிரம் தீர்ந்து விடும்.

புது மின்கலம் வைக்கலாம். ஆனால் பழையதைப் பற்றவைப்பில் இருந்து கழற்றிய மறு கணமே ஞாபகம் போய் விடும். ஆகையால், முதலில் அந்த ஞாபகத்தைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து, மின்கலத்தை மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். இதற்காகவே பற்றவைக்கும் வேலையைக் கற்றுக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். பூட்டிய கூட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு இந்த வைத்தியம் செய்ய முடியாது.

வராத விளையாட்டு வந்தது

அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில், 100-க்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை. வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட கணக்கு இது. நூல் நிலையங்கள் அவற்றைத் தூரத்தில் இருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் காட்ட அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்து விட்டது. ஆக, பழைய விளையாட்டுகளில் பல, சேகரிப்பவர்களின் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன.

நகரம் கட்டி ஆளும் "சிம்சிட்டி" விளையாட்டை, நின்டெண்டோ 1991 ஜனவரியில் ஒரு கண்காட்சியில் வைத்தது. ஆனால் அந்தப் பழைய கருவிக்கு அதை விற்பனைக்கு விடவே இல்லை. தொலைந்தது என்றே எல்லோரும் எண்ணினார்கள். 2017-ல் அதன் மாதிரிப் பெட்டிகள் இரண்டு அகப்பட்டன. உலகத்தில் யாரிடமும் இல்லாத பொருள்! பீரோவில் பூட்டி வைத்திருக்கலாம். ஆனால் உள்ளே இருந்தது நகல் எடுக்கப்பட்டு, 2018 டிசம்பரில் யாரும் ஆடிப் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. பெட்டியின் மதிப்பு போய் விடுமே என்று அஞ்சி நகல் எடுக்க விடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை.

டெலிவிஷன் கிடைக்குமா?

பெட்டி இருந்தும், கருவி இருந்தும், ஆட முடியாத ஆட்டமும் உண்டு! அதுதான் "டக் ஹண்ட்". பொம்மைத் துப்பாக்கியால் டெலிவிஷனில் பறக்கும் வாத்தைச் சுட வேண்டும்.

துப்பாக்கியில் இருந்து எதுவும் பாய்வதில்லை. அது பார்க்கிறது! விசையை அழுத்தியதும், கண் இமைக்கும் நேரத்தில் திரை கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். குழலில் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைக் கண்டால், வாத்து விழும். பின்னால் புடைத்த பழைய கண்ணாடிக் குழாய் டெலிவிஷனில்தான் இது நடக்கும். இந்தக் காலத்துத் தட்டை டெலிவிஷனில் எத்தனை முறை சுட்டாலும் வாத்து பறந்து கொண்டே இருக்கும்.

அதனால், எவனாவது பழைய டெலிவிஷனைத் தெருவில் தூக்கிப் போட்டால், இவர்கள் ஓடுகிறார்கள். அது ஓர் ஆள் தூக்கும் பாரம் அல்ல. வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கும். மனைவி வாசலில் நிற்பாள். என்ன சொல்வாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும், தம்பியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி விட்டு, மெதுவாகப் படி ஏறுகிறார்.